ரசீதில் வராத ஆச்சி

ஆச்சியின் அடக்க ஆராதனை அன்று வாசிக்க, அவளைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்தது 1934, நாசரேத். பிள்ளைகள் ஏழு பேர். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மூத்த உறுப்பினர். அந்தத் தாளில் அவ்வளவுதான் அடங்கியது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

மிஷனரி மர்காஷிஸ் ஐயர் காலத்திலேயே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்துவிட்ட ஊர் நாசரேத். அதனால் ஆச்சி எட்டாவது வரை படித்தாள், தையலும் கற்றுக்கொண்டாள். 1953-ல் மெஞ்ஞானபுரம் பக்கம், செம்மணல் தேரியை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் நாசரேத் எஸ்.பி.ஜி. மிஷன் ஊர், மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். மிஷன் ஊர். இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த வெவ்வேறு மிஷன் சங்கங்கள், ஆராதனை வழக்கமும் கொஞ்சம் வேறு. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி எல்லோரும் சி.எஸ்.ஐ. ஆகிவிட்ட பிறகும், மாமியார் வீட்டில் கொஞ்ச காலம் அவளை 'எஸ்.பி.ஜி.க்காரி' என்றுதான் சொன்னார்களாம். எஸ்.பி.ஜி. வழக்கப்படி, கோயிலுக்குள் நுழைந்ததும் பீடத்தைப் பார்த்துத் தலைவணங்கிவிட்டுத்தான் உட்காருவாள். கடைசிவரை அந்த வழக்கத்தை விடவில்லை.

கைப்பிடி அரிசி என்றால் எங்கள் பக்கத்துச் சபைகளில் எல்லோருக்கும் தெரியும். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஆச்சி அதற்கென்று அடுப்படி மூலையில் ஒரு மண்கலயம் வைத்திருந்தாள். முதலில் சுளகில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்குவாள். அப்புறம் வலது கையால் அள்ளி, விரல் இடுக்கில் நிற்பதையும் உதறாமல் கலயத்தில் போடுவாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு அளப்பாள். ஒருநாள் நான் அவசரத்தில் புடைக்காமல் போடப் போனேன். "ஏட்டி, கர்த்தருக்குப் போடுத அரிசியில கல்லு கெடக்கலாமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் கஞ்சிக்கே அரிசி தட்டுப்பட்ட நாட்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை என்று பெரியத்தை சொல்வாள். முதல் காய்ப்பு முருங்கையும் கோழி முதலில் இட்ட முட்டையும் அப்படித்தான் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்து அவை ஏலத்துக்கு வரும்போது, பிள்ளைகள் ஏக்கமாகப் பார்க்கிற முட்டையை அவளே ஏலம் கேட்டு வாங்கி வந்ததும் உண்டு.

தாத்தாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். 1978-ல் அவர் திடீரென்று இறந்தபோது கடைசிச் சித்தப்பாவுக்கு ஆறு வயது. ஆச்சி கணக்கு நோட்டைக் கையில் எடுத்தாள். பதநீர் காலத்தில், பதநீர் காய்ச்சும் குடிசைகளுக்கு விடிலி விடிலியாகப் போய்க் கருப்பட்டி எடுத்து, உடன்குடிக்கு வண்டி ஏற்றி அனுப்புவாள். பனையேறிகளுக்குக் கொடுக்க வேண்டியதை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. அந்த வருமானத்தில்தான் ஏழு பேரும் படித்தார்கள். மூன்று பேர் ஆசிரியர்கள், ஒரு அத்தை நர்ஸ்.

சபையார் எல்லோரும் ஒன்றாகப் பந்தியில் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் ராத்திரி அவளைப் பார்க்க வேண்டும். கோயில் வளாகத்தில் பந்தலுக்குக் கீழே பாய் விரித்து, ஊர்ப் பெண்களெல்லாம் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருப்பார்கள். கத்தரிக்காய் ஒரு பக்கம், வாழைக்காய் ஒரு பக்கம், துருவத் துருவத் தீராத தேங்காய் ஒரு பக்கம். ஆச்சி நடுவில் இருந்துகொண்டு கீர்த்தனையைத் தொடங்கிவைப்பாள். யாருக்காவது கண் சொக்கினால் சுருதியை ஏற்றிவிடுவாள். மறுநாள் பந்தியில் கடைசி ஆள் எழுந்த பிறகுதான் அவள் இலையில் சோறு விழும்.

இன்னொரு வேலையும் இருந்தது. அதைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். ஊரில் ஒரு பெண் இறந்துவிட்டால், குளிப்பாட்டி உடுத்த ஆச்சியைத்தான் கூப்பிடுவார்கள். நடுச்சாமம் என்றாலும் போவாள். தலையை வாரி, சேலை மடிப்பைச் சரிசெய்து, உயிரோடு இருக்கிறவளிடம் பேசுவதுபோல் "கொஞ்சம் பொறு தாயி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே செய்வாளாம். பகையாய் இருந்த வீட்டுக்கும் போயிருக்கிறாள்.

இத்தனைக்கும் சபைக் கமிட்டியில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் இருக்கிறது. எல்லாம் ஆண்கள் பெயர். சபைக்கு எங்கள் குடும்பம் கட்டிய சங்கக் காணிக்கை ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். தாத்தா இருந்தவரை அவர் பெயர், அதற்குப் பிறகு பெரியப்பா பெயர். பணம் வந்தது ஆச்சியின் சுருக்குப்பையிலிருந்து. அவள் இதை ஒரு குறையாக நினைத்ததில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. 2003-ல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து, அதாவது பேராயரின் ஆளுகையிலுள்ள சபைகளின் தொகுதியிலிருந்து, தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தபோது ஊரில் எத்தனையோ கூட்டங்கள் நடந்தன. அவற்றில் பேசியவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

வருகிற அசனத்துக்கு ஆச்சிக்காக ஒரு மூட்டை அரிசி கொடுக்கிறோம். கல் பொறுக்கத் தேவையில்லாத கடை அரிசிதான், ஆனாலும் அத்தைமார் புடைத்துத்தான் கொடுக்கப்போகிறார்களாம். பெரியப்பா பெயரையோ அப்பா பெயரையோ போடாமல் ஆச்சி பெயரிலேயே ரசீது எழுதும்படி சபை ஊழியரிடம் கேட்டோம். சரி என்று சொல்லியிருக்கிறார்.