இரண்டாவது அத்தியாயத்தைத் தள்ளிவிட்டுப் படித்த கதை

உடற்கூறியல், உடலியங்கியல் தாள் ஒருவழியாக பாஸ் ஆகிவிட்டது. முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. முதல் தடவை எழுத்துத் தேர்வு, செய்முறை இரண்டிலும் போனது. போன விதம் இன்னும் உறுத்துகிறது. நான் செய்த தவறுகளைத்தான் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் செய்திருந்தார்கள் என்று பிறகு பேசியபோது தெரிந்தது. அதனால் எழுதுகிறேன். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அத்தியாயங்கள் தெரிந்திருக்கும், எனவே நேராக நான் விழுந்த இடங்களுக்கு வருகிறேன்.

பெரும்பாலான அறிமுகப் புத்தகங்களில் இரண்டாவது அத்தியாயம் உடல் வேதியியல். அணு, அயனி, பிணைப்பு, பிஎச், பஃபர், கார்போஹைட்ரேட், புரதம், என்சைம். பள்ளியில் படித்ததுதானே என்று இரண்டே நாளில் புரட்டிவிட்டு எலும்புக்குப் போய்விட்டேன். 206 எலும்பையும் மனப்பாடம் செய்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்ற நினைப்பு. தோல், திசு வகைகள், எலும்பு எல்லாம் சிரமமில்லாமல் போயின. நரம்பு அத்தியாயத்தில் கால் வழுக்கியது. அதற்குப் பிறகு சிறுநீரகம் முடியும்வரை எதுவுமே ஒழுங்காக ஏறவில்லை.

எழுத்துத் தேர்வில் வந்த ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஒருவருடைய இரத்தத்தின் பிஎச் (அமில, கார அளவைக் காட்டும் எண்) 7.4-லிருந்து 7.1-க்கு இறங்குகிறது. ஹைட்ரஜன் அயனிகளின் அளவு என்ன ஆகிறது? வித்தியாசம் 0.3 தானே, லேசாகக் கூடும் என்று எழுதினேன். சரியான விடை: இரண்டு மடங்கு. 7.4-ல் லிட்டருக்குச் சுமார் 40 நானோமோல், 7.1-ல் சுமார் 80. பிஎச் மடக்கை அளவு, ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு என்பது எனக்கு வாய்ப்பாடாகத் தெரியும். ஆனால் அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இரத்தத்தின் இயல்பு எல்லை 7.35 முதல் 7.45 வரை. ஏன் இவ்வளவு குறுகலாக வைத்திருக்கிறது என்று கேட்டுப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியில் மாட்டியிருக்க மாட்டேன். புரதங்களின் வடிவம் அந்த அயனிகளை நம்பி நிற்கிறது. வடிவம் மாறினால் என்சைம் வேலை செய்யாது.

அதே தாளில் இன்னொன்று. கடுமையான வாந்தியில் இரத்தம் அமிலம், காரம் இரண்டில் எந்தப் பக்கம் சாயும், வயிற்றுப்போக்கில் எந்தப் பக்கம் சாயும்? இரண்டையும் மாற்றி எழுதினேன். வாந்தியில் வயிற்றின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியே போகிறது, இரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. வயிற்றுப்போக்கில் குடலில் இருக்கும் பைகார்பனேட் போகிறது, அமிலப் பக்கம் சாய்கிறது. எது வெளியே போகிறது என்று பார்த்தாலே விடை வந்துவிடும். நான் பார்க்கவில்லை, நினைவில் தேடினேன். அந்தப் பதற்றத்தில் நினைவு கைவிட்டது.

இரண்டாவது தடவை படிக்க உட்கார்ந்தபோது ஒரே ஒரு சமன்பாட்டைப் பெரிய தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து கார்பானிக் அமிலம், அது பிரிந்து ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும், இரண்டு பக்கமும் அம்புக்குறி. மூச்சு அத்தியாயம், இரத்தம், சிறுநீரகம் என எங்கே போனாலும் இந்தச் சமன்பாட்டின் எந்த முனையைத் தள்ளுகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அம்பு கார்பன் டை ஆக்சைடு பக்கம் ஓடுகிறது, ஹைட்ரஜன் அயனி குறைகிறது, இரத்தம் காரமாகிறது. அப்போது இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் கால்சியம் அயனிகளைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும், தனியாக இருக்கும் கால்சியம் குறையும், நரம்புகள் எளிதில் தூண்டப்படும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப் போவது அதனால்தான். இது புரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ முறை அனுபவித்த ஒன்றுக்குக் காரணம் அந்த ஒற்றை வரியில் இருந்திருக்கிறது.

நுரையீரல் இந்தச் சமநிலையை நிமிடங்களில் சரிசெய்யும். சிறுநீரகத்துக்கு மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்கு ஆகும். பைகார்பனேட்டுக்கும் கார்பானிக் அமிலத்துக்கும் உள்ள விகிதம் 20-க்கு 1 என்று இருந்தால் பிஎச் 7.4. இந்த விகிதத்தைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். தனித்தனி அளவுகளைவிட இதுதான் கணக்கில் உதவுகிறது.

நரம்பில் நான் மாட்டியது சோடியம், பொட்டாசியம். எது உள்ளே, எது வெளியே என்று மூன்று முறை படித்தும் மூன்று முறையும் குழம்பியது. கடைசியில் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்: செல்லுக்கு வெளியே இருப்பது உப்புத் தண்ணீர். கண்ணீர், வியர்வை, இரத்தம் எதைச் சுவைத்தாலும் உப்புக் கரிக்கிறது. அது சோடியம். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல், பொட்டாசியம் 3.5 முதல் 5 வரைதான். செல்லுக்குள்ளே நிலைமை தலைகீழ், பொட்டாசியம் 140-ஐ ஒட்டி இருக்கும். செல் சவ்வில் உள்ள பம்ப், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒவ்வொன்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஓய்வு நிலையில் உள்பக்கம் மைனஸ் 70 மில்லிவோல்ட் இருப்பதற்குப் பம்ப் மட்டுமே காரணம் என்று முதல் தடவை எழுதி மதிப்பெண் போனது. பம்பின் நேரடிப் பங்கு சிறியது. சவ்வு வழியே பொட்டாசியம் வெளியே கசிவதுதான் முக்கியமான காரணம், அந்தக் கசிவுக்கு வேண்டிய ஏற்றத்தாழ்வைப் பம்ப் காப்பாற்றிக் கொடுக்கிறது. இதைத் தனியாகக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

தசையிலும் ஒரு பொறி இருக்கிறது. சுருங்கும்போது ஆக்டின், மயோசின் இழைகளின் நீளம் குறைவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகின்றன. மயோசின் இருக்கும் ஏ பட்டை அப்படியே இருக்கும், ஆக்டின் மட்டும் உள்ள ஐ பட்டையும் மயோசின் மட்டும் உள்ள எச் பகுதியும் குறுகும். ஆக்டினிலிருந்து மயோசின் தலை விடுபடுவதற்கும் ஏடிபி வேண்டும். இறந்த உடல் விறைப்பது அது தீர்ந்துபோவதால்தான். செரிமான அத்தியாயம் வேதியியலுக்குப் பிறகு ஒரே மாலையில் முடிந்தது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எதுவானாலும் தண்ணீரைச் சேர்த்துப் பிணைப்பை உடைக்கும் அதே வினைதான்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். இங்கே எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

முதல் தடவை ரெக்கார்டை (செய்முறைப் பதிவேட்டை) தூக்கிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். ஒவ்வொரு பயிற்சிக்கும் கையெழுத்து வாங்கியிருந்தேன். முதல் பக்கத்தில் இருக்கும் சான்றிதழில் மட்டும் கையெழுத்து இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. மேசையில் இருந்தவர் ரெக்கார்டைத் திறந்த வேகத்திலேயே மூடினார். "முதல் பக்கம் சைன் இல்லாம எப்படிம்மா உள்ள விடுறது? வாங்கிட்டு வாங்க." யாரிடம், எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பொறுப்பாசிரியர் அன்று விடுப்பு. வேறு ஒருவர் போடலாமா என்று கேட்க மூன்று அறை ஏறி இறங்கினேன். கடைசியில் துறைத் தலைவர் போட்டுக்கொடுத்தார், முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் என் பேட்ச் முடிந்து, கடைசி பேட்ச்சில் சேர்த்துக்கொண்டார்கள். தயவுசெய்து தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே ரெக்கார்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். காலியான கோடு எங்காவது இருந்தால் அன்றே போய்க் கேளுங்கள்.

அந்த அலைச்சலோடு ஸ்பாட்டருக்கு, அதாவது வைத்திருப்பதைப் பார்த்து அடையாளம் எழுதும் தேர்வுக்கு, நின்றேன். 20 மேசை, மேசைக்கு ஒரு நிமிடம், மணி அடித்தால் நகர வேண்டும். இதய மாடலில் நீல நிறக் குழாயில் ஊசி. நீலம் என்றதும் சிரை என்று எழுதினேன். அது நுரையீரல் தமனி. இதயத்தை விட்டுப் போவது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை. நிறம் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைத்தான் காட்டும். அடுத்த மேசையில் வெட்டப்பட்ட இதயம், கீழறையில் ஊசி. என் வலது கைப் பக்கம் இருந்ததால் வலது கீழறை என்றேன். எதிரே இருக்கும் உடலின் இடது அது. சுவரைப் பார்த்திருந்தாலே போதும். உடல் முழுக்கத் தள்ள வேண்டிய இடது கீழறையின் சுவர், நுரையீரலுக்கு மட்டும் தள்ளும் வலதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். இவ்வளவு தடிமனான சுவர் கண்முன்னே இருந்தும் பக்கத்தை மட்டும் பார்த்தேன். வெளியே வந்ததும் இது உறைத்து அழுகை வந்துவிட்டது.

எலும்பிலும் இதே வலது, இடது பிரச்சினைதான். எலும்பின் பெயர் மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் தந்தார்கள். படத்தைப் பார்த்துப் படித்ததால் பக்கம் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது தடவை எலும்புத் தொகுப்பைக் கையில் வாங்கி, ஒவ்வொரு எலும்பையும் என் உடம்பிலேயே வைத்துப் பார்த்தேன். தொடையெலும்பின் தலை உள்பக்கம் பார்க்கும், நீளவாக்கில் ஓடும் முரட்டு வரி பின்பக்கம். மேற்கை எலும்பான ஹியூமரஸில் கீழே உள்ள ஆழமான குழி பின்பக்கம். காரை எலும்பில் உருண்டு தடித்த முனை மார்பெலும்புப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம். முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குங்கள், அது சுலபத்தில் பிடிபடாது. மாடலைப் பார்க்கும்போது எதிரே ஒருவர் உள்ளங்கையை முன்னால் காட்டி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவருடைய வலது கையை முதலில் மனதில் தொட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள். எனக்கு இந்த இரண்டு நொடிதான் கைகொடுத்தது.

முழங்கால் சில்லான படெல்லாவுக்கு லேப் உதவியாளர் அண்ணன் ஒரு வழி காட்டினார். வழுவழுப்பான மூட்டுப் பரப்பு கீழே இருக்கும்படி மேசையில் வைக்க வேண்டும், கூர்முனை நம்மை விட்டு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். கையை எடுத்தால் அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் கால். வெளிப்பக்கப் பரப்பு பெரிது என்பதால் அப்படிச் சாய்கிறது.

இரண்டாவது தடவை ஸ்பாட்டரில் இருபதாவது மேசையில் இருந்தது ஒரு படெல்லா. கூர்முனையை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக் கையை எடுத்தேன். மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. இடது படெல்லா என்று எழுதி, மூட்டுப் பரப்பின் பெயரையும் எழுதி முடித்த பிறகுதான் மணி அடித்தது.