செக்றோலைப் பெரிதாக்கும்போது பெயர் கைநழுவக் கூடாது

மலையகத் தோட்டங்களின் பழைய செக்றோல்கள் (தொழிலாளரின் பெயரும் நாள்வாரி வேலை வரவும் பதிந்த ஏடுகள்), மலை எனப்படும் தோட்டத் துண்டுகளுக்கு நம்பர் போட்ட வரைபடங்கள் எல்லாம் மெல்ல மெல்ல ஸ்கேனாகி வருகின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழியில் யார் இலங்கையில் பிறந்தார் என்று அத்தாட்சி கேட்டது. அந்த அத்தாட்சியைத் தேட வேண்டியிருந்த மலையகத் தமிழருக்கு ஏட்டிலுள்ள ஒரு பெயரைச் சரியாக வாசிப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் படம் பார்க்கும் மென்பொருள்கள் பல, பெரிதாக்கியதுமே அந்தப் பெயரைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுகின்றன.

திரையின் நடுவை வைத்துப் பெரிதாக்குவதே காரணம். கர்சர் நிற்கும் புள்ளி அசையாமல் நிற்க வேண்டும். அதற்கான கணக்கு: புது இடம் = கர்சர் − (கர்சர் − பழைய இடம்) × (புது அளவு ÷ பழைய அளவு). இங்கே இடம் என்பது திரையில் படத்தின் ஓரம் நிற்கும் பிக்சல். படத்தின் இடது ஓரம் 100இலும் கர்சர் 600இலும் இருக்க, அளவை இரு மடங்காக்கினால் ஓரம் −400க்குப் போகும். மேல் ஓரத்துக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும். உச்ச அளவுக்கான வரம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் விகிதத்தை எடுக்க வேண்டும். வரிசை மாறினால், உச்சத்தைத் தொட்ட பிறகும் மவுஸ் சில்லை உருட்ட உருட்டப் படம் வழுக்கிக்கொண்டே போகும்.

பெரிதாக்கும் படிகளைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்த ஏ3 தாள் 7016 × 9921 பிக்சல். 768 பிக்சல் உயரத் திரையில் அது முழுதாகத் தெரிவது ஏறக்குறைய 8 வீதத்தில். பத்துப் பத்தாகக் கூட்டினால் முதல் படியிலேயே இரு மடங்குக்கு மேல் பாயும்; 90இலிருந்து 100க்குப் போகையில் மாற்றமே தெரியாது. விண்டோசில் சில்லின் ஒரு சொடுக்குக்கு வரும் மதிப்பு 120. அந்த மதிப்பை 480ஆல் வகுத்து, 2இன் அடுக்காக வைத்து, வருவதால் அளவைப் பெருக்கினால் நான்கு சொடுக்கில் இரு மடங்காகும். டச்பேட் சிறு சிறு மதிப்புகளாக நிறைய அனுப்பும். ஒவ்வொன்றையும் முழுச் சொடுக்காக எண்ணினால் படம் தாறுமாறாகத் துள்ளும்.

செக்றோலில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் 31 நாள் கட்டங்கள். கட்டங்களைப் பார்க்க வலப்புறம் இழுக்கையில் கை சற்றே நடுங்கினாலும் அடுத்த ஆளின் வரிக்குப் போய்விடுவோம். ஷிப்ட் பிடித்து இழுத்தால் ஒரே அச்சில் மட்டும் நகர வேண்டும். பெயர்ப் பகுதியை இடப்பக்கம் நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. படத்தின் ஓரம் திரையின் நடுவரை வர இடம் விடுங்கள். ஓரத்தில் இறுக்கிக் கட்டினால், மூலையிலுள்ள பெயரைச் சிறிதாக்கும்போது கர்சரின் பிடி விட்டுப்போகும்.

அந்த ஏ3 படம் நினைவகத்தில் 278 மெகாபைட் பிடிக்கும். பாதி, கால், அரைக்கால் எனக் குறைத்த பிரதிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் செலவு மூன்றில் ஒரு பங்குதான். அவை இல்லாமல் நேரடியாகச் சுருக்கினால் மெல்லிய பேனாக் கோடுகள் அறுந்து தெரியும். 200 வீதத்துக்கு மேல் பிக்சலைக் கட்டம் கட்டமாகக் காட்டுவது ஐகன் வரைபவர்களுக்கு உதவும். கையெழுத்துக்கு மென்மையாக்கிக் காட்டுவதே சரி.

அடுத்த பக்கம் புரட்டும்போது அளவும் இடமும் அப்படியே நிற்க வேண்டும். அந்த இடத்தைப் பிக்சலில் அல்ல, படத்தின் அகல உயரத்தில் எத்தனை பங்கு என்று குறித்து வையுங்கள். ஸ்கேன் அளவு பக்கத்துக்குப் பக்கம் சிறிது மாறினாலும் அதே வரிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.