கலிய நாயனாரின் மனைவிக்கு ஒரு விளக்கு

அப்பாவுக்குத் தலைத் திவசம் ஐப்பசியில் முடிந்தது. அதுவரை கோயிலுக்குப் போகக் கூடாது என்று இருந்த அம்மா, கார்த்திகைப் பௌர்ணமி வந்ததும் விடியற்காலையிலேயே போன் செய்துவிட்டார். "கவசம் தொறக்குறாங்க. நீ வரியா, நான் மட்டும் போகட்டுமா?"

திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரரை வருஷம் முழுக்கக் கவசத்தோடுதான் பார்க்க முடியும். இந்தப் பௌர்ணமி தொடங்கி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து, புற்று வடிவான அந்தத் திருமேனிக்குப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். எங்கெங்கிருந்தோ சனம் வரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த மூன்று நாளும் அப்பா வரிசைக்கு வெளியே ஒரு குடத்தோடும் டம்ளரோடும் நிற்பார். "நீங்க போய்க் கும்பிட்டு வாங்க, நான் அப்புறம் போறேன்" என்பார். அந்த அப்புறம், மூன்றாம் நாள் ராத்திரி கூட்டமெல்லாம் வடிந்த பிறகுதான்.

இந்த முறை தேரடி மெட்ரோவில் இறங்கி நடந்தபோதே என் கண் அந்த இடத்தைத் தேடியது. வேறு யாரோ ஒரு பையன் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். அம்மா அவனிடம் வாங்கி ஒரு டம்ளர் முழுசாகக் குடித்தார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

அப்பாவுக்கு ஹார்பரில் டாலி கிளார்க் வேலை, ஏற்றி இறக்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதுவது. காலடிப்பேட்டையில் வாடகை வீடு. வேலை முடிந்து வந்தால் எங்கள் வீட்டுப் பாடம், அம்மாவோடு ஒரு காபி. ஏழரை மணிக்கு மேல் திண்ணைக்குப் போவார். அங்கே ஆட்கள் காத்திருப்பார்கள். முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, வாரிசு சான்றிதழ் என்று யாருக்கு என்ன மனு வேண்டுமானாலும் எழுதித் தருவார். எட்டரை வரைக்கும்தான், அதற்கப்புறம் எங்களோடு சாப்பாடு. அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காகச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்டாம்ப் பேட். அவர்களுடைய இடது பெருவிரலைத் தானே பிடித்து, மையில் லேசாக ஒற்றி, தாளில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருட்டுவார். பெண்கள் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார்கள், ஆண்கள் திண்ணைச் சுவரில். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த நீலத் திட்டுகளை மறைக்க இரண்டு கோட் அடிக்க வேண்டியிருக்கும். கூலியென்று ஒரு டீகூட யாரிடமும் குடித்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய்த் தூக்கோடு வடிவுடையம்மனிடம் போவோம். எழுகிணற்றிலிருந்து வள்ளலார் நடந்தே வந்து கும்பிட்ட அம்மன். இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம் தெரியுமா என்று ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்லுவார். அப்புறம் மகிழ மரத்தடி. சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்த இடம். கீழே கிடக்கும் ஒரு மகிழம்பூவை எடுத்து ஊதி அம்மா கையில் கொடுப்பார். ஒரு வாரமும் தவறியதில்லை.

அவருக்கு ரொம்பப் பிடித்தவர் கலிய நாயனார். இதே ஊர்க்காரர், செக்கு வைத்திருந்த குடும்பம். கோயிலுக்கு விளக்கெரித்தே சொத்தெல்லாம் போய், கூலிக்குச் செக்கோட்டி, அதுவும் இல்லாமல் போனபோது மனைவியை விற்கக்கூடத் துணிந்து, வாங்க ஆளில்லாமல், கடைசியில் தன் கழுத்தை அரிந்து ரத்தத்தை எண்ணெயாக வார்க்கப் போனவர். ஈசன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார் என்று சேக்கிழார் பாடுகிறார். அப்பா இதைச் சொல்லும்போது மனைவியை விற்கப் போன இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார். ஒருநாள் அம்மா விடவில்லை. "அந்தம்மா என்ன சொன்னாங்களாம்?"

அப்பா பதில் சொல்லவில்லை. கோயிலிலிருந்து வீடு வரைக்கும் பேசவே இல்லை. மறுநாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நேத்து கேட்டியே. இனிமே விளக்கு போடும்போது அந்த அம்மாவையும் சேத்துத்தான் கும்பிடப் போறேன்."

2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார். பையன்கள் பக்கெட்டால் அந்தக் கறுப்புச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்பா தினமும் நீர்மோர் சுமந்துகொண்டு போவார். திரும்பும்போது முழங்கால் வரைக்கும் தார் மாதிரி அப்பியிருக்கும். சோப்புக்கு அசையாது. அம்மா அவரை வாசற்படியில் உட்கார வைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்துவிட்டார். அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று அப்பா காலை இழுத்துக்கொள்ள, அம்மா திரும்பப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான்.

மூன்று மணி நேரம் வரிசையில் நின்று சன்னதிக்கு வந்தோம். சாம்பிராணித் தைல வாசனை. தீபாராதனை வெளிச்சத்தில் கவசமில்லாத திருமேனி கருகருவென்று மின்னியது. ஒரு நொடி, அதற்குள் நகரச் சொன்னார்கள். எனக்கு அழுகை முட்டியது. அம்மா அழவில்லை, கும்பிட்ட கையை இறக்காமலே வெளியே வந்தார்.

விளக்கேற்றும் இடத்தில் இரண்டு அகல் வாங்கினார். முதல் விளக்கை அப்பா பேர் சொல்லி ஏற்றினார். இரண்டாவதற்குத் திரியை நன்றாக நனைத்துப் போட்டார்.

"இது யாருக்கும்மா?"

"அந்த அம்மாவுக்கு. அவர்தானே போட்டுட்டிருந்தாரு, விடக் கூடாது."

விரலில் இருந்த எண்ணெயைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தேரடியில் ஒரு ஸ்டேஷனரி கடை முன்னால் நின்றார்.

"ஒரு ஸ்டாம்ப் பேட் குடுப்பா. நீலம். வீட்ல இருக்கறது காஞ்சு போச்சு."