விமானத்துல ஒரு வாய் தண்ணி

எங்க வீட்டுத் திண்ணை மாடத்துல அரை லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு காலியா நிக்குது. ரெண்டு மாசமா அப்பா அத யாரையும் தூக்கிப் போட விடல. அம்மா ஒரு தடவ வெளக்கெண்ணெய் ஊத்தி வச்சுக்கலாம்னு எடுத்தப்பகூட "அத அங்கேயே வையி"ன்னுட்டாங்க. அந்த பாட்டில் வீட்டுக்கு வந்த கதைய எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன், இன்னைக்குத்தான் உக்கார முடிஞ்சுது.

தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கா. அவ குழந்தைக்கு மொத பொறந்தநாள். வீட்ல மாடு கண்ணு இருக்கறதால அப்பாவும் அம்மாவும் சேந்து கிளம்ப முடியாது, பிரசவத்துக்கு அம்மா போயி மூணு மாசம் இருந்துட்டு வந்துட்டாங்க, அதனால இந்தத் தடவ அப்பா. குறுவை நட்டு மொத களையும் எடுத்து முடிச்ச கையோட ஆடி கடைசியில கிளம்பினாங்க. 68 வயசுல மொத விமானம். டிக்கெட் போட்டது நான்தான், திருச்சியிலேர்ந்து நேரா போற ராத்திரி விமானம், கொறஞ்ச கட்டணம். போடும்போது சாப்பாடு வேணுமான்னு ஒரு பக்கம் வந்துச்சு, அதுக்குத் தனி காசு, ராத்திரி சாப்பிட்டுட்டுத்தானே ஏறப் போறாங்க, வழிக்கு அம்மா வேற கட்டிக் குடுப்பாங்கன்னு தாண்டிப் போயிட்டேன். தண்ணி குடுப்பாங்களான்னு யோசிக்கவே இல்ல. தண்ணி குடுக்க மாட்டாங்கன்னு யாருக்குத் தோணும்?

அம்மா கட்டினது ஆறு இட்லி. மொளகாப் பொடிய நல்லெண்ணெயில கொழச்சு ரெண்டு பக்கமும் தடவி, வாழையெலைய தணல்ல வாட்டி அதுல வச்சு மடிச்சு, மேல பேப்பர் சுத்தி, நார்ல கட்டி. வாட்டின எல கிழியாது, எண்ணெய் வெளிய கசியாது, மறுநாள் மத்தியானம் வரைக்கும் இட்லி அப்படியே இருக்கும். எங்க பக்கம் மெட்ராசுக்கு ரயில் ஏறினாலும் சரி வேளாங்கண்ணிக்கு நடந்து போனாலும் சரி இந்தப் பொட்டலம் இல்லாம யாரும் வாசல் தாண்ட மாட்டாங்க. அப்பாவுக்கு 15 வருஷமா சுகர், நேரத்துக்கு ஒரு வாய் உள்ள போவலன்னா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், அதனால அம்மா ரெண்டு இட்லி கூடவே வச்சாங்க.

ஏர்போர்ட்ல செக்கிங்ல தண்ணி பாட்டில எடுத்துட்டாங்க. அதுல எனக்கு வருத்தம் இல்ல. 2006-ல லண்டன்ல திரவ வெடிகுண்டு சதி பிடிபட்டதுக்கு அப்புறம் வந்த விதி, வெளிநாட்டு விமானம்னா கைப்பையில 100 மில்லிக்கு மேல தண்ணி கூடாது. உள்ள போனா தண்ணி புடிச்சுக்கலாம், ஆனா அப்பாவுக்கு அது தெரியாது, நானும் சொல்லி விடல. விமானம் வேற ஒன்றரை மணி நேரம் லேட்டு. வீட்ல ஏழு மணிக்கு சாப்பிட்டவங்க விமானம் மேல ஏறும்போது நடுராத்திரி தாண்டிடுச்சு.

மேல போயி கொஞ்ச நேரத்துல அப்பாவுக்கு நடுக்கம் ஆரம்பிச்சிருக்கு. பொட்டலத்த மடியில வச்சுப் பிரிச்சிருக்காங்க. பணிப்பெண் வந்து வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லைங்க, உள்ள வச்சுடுங்கன்னு சொல்லிச்சாம். மரியாதையாத்தான் சொல்லுச்சாம், அந்தப் பொண்ணு மேல தப்பு சொல்லக் கூடாதுன்னு அப்பா ரெண்டு தடவ சொன்னாங்க. சரின்னு எலைய மடிச்சுட்டு "ஒரு வாய் தண்ணி மட்டும் குடும்மா"ன்னு கேட்டிருக்காங்க. தண்ணி 4 சிங்கப்பூர் டாலர்னு சொல்லிடுச்சு. நம்ம காசுக்கு 250 ரூவாக்கு மேல. அப்பா சட்டைப் பையிலேர்ந்து 500 ரூவா நோட்ட எடுத்து நீட்டியிருக்காங்க, ரூபாய் வாங்க மாட்டோம், கார்டு இல்லன்னா டாலர்தான்னு சொல்லிட்டாங்க. நோட்ட கையில வச்சுக்கிட்டே அப்பா உக்காந்திருக்காங்க.

பக்கத்து சீட்ல ஒரு பையன். பேராவூரணி பக்கம், கப்பல் கட்டற எடத்துல வெல்டிங் வேலை, லீவு முடிஞ்சு திரும்பிப் போறவன். தூங்கிட்டு இருந்தவன் முழிச்சு, அவன் கார்ட வச்சு இந்த தண்ணி பாட்டில வாங்கிக் குடுத்திருக்கான். அதோட விடல, "அய்யா சுகர்காரங்க, கை நடுங்குது பாருங்க, சாப்பிட விடுங்க"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டிருக்கான், அது போயி மேல இருக்கறவங்கள கேட்டுட்டு வந்து சரி சாப்பிடுங்கன்னு சொல்லியிருக்கு. உடம்பு முடியாதவங்களுக்கும் கைக்குழந்தைக்கும் விலக்கு உண்டுன்னு சில கம்பெனி விதியிலேயே இருக்கு, கேக்கத் தெரியணும் அவ்வளவுதான். அப்பா நாலு சாப்பிட்டு ரெண்ட அவன்கிட்ட குடுத்திருக்காங்க. காசுக்கு அந்த 500-ஐ நீட்டினா அவன் தொடவே இல்லையாம்.

இதெல்லாம் அப்பா திரும்பி வந்த அன்னைக்கு ராத்திரி திண்ணையில உக்காந்து சொன்னது. கடைசியா சொன்னதுதான் எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது. "காசு பெருசு இல்லப்பா. தண்ணி கேட்டு இல்லன்னு கேட்டது இந்த வயசுல எனக்கு இதான் மொத தடவ."

எங்க ஊரு நீடாமங்கலம் பக்கம். முன்பின் தெரியாத ஆளு வாசல்ல வந்து நின்னாலும் யாரு என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடி சொம்புத் தண்ணி வந்துடும். நடவு வயல்ல ஆளுங்களுக்கு பத்து மணிக்கு டீயும் வடையும் வரலாம் வராம போவலாம், தண்ணிக் கொடம் வரப்புல இல்லாம யாரும் நாத்த தொட மாட்டாங்க. சித்திரை வெயில்ல மோரும் பானகமும் வச்சு பந்தல் போடுவோம். தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போற வழி நெடுக சத்திரம் கட்டினதும் இதே மண்ணுலதான். நீடாமங்கலத்துல யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டுல முத்தம்பாள் சத்திரம். 1801-ல ரெண்டாம் சரபோஜி இங்கிலீஷ்காரங்க பிரதிநிதியா இருந்த ரெசிடெண்டுக்கு இந்த சத்திரங்களப் பத்தி ஒரு கடிதம் எழுதியிருக்காரு. சாதி பாக்காம வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு, சமைச்சத சாப்பிடாதவங்களுக்கு அரிசியும் சாமானும், இப்படி நடுராத்திரி வரைக்கும் நடக்கும், அப்புறம் ஒரு மணி அடிச்சு இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா வாங்கன்னு கூப்பிடுவாங்கன்னு அதுல இருக்கு. அப்பாவோட விமானம் மேல இருந்ததும் அதே நடுராத்திரி நேரம்தான்.

விமானக் கம்பெனி பக்கமும் நான் கொஞ்சம் படிச்சுப் பாத்தேன். விமானத்துல சாப்பாடுங்கறதே விலைக்கு வித்துத்தான் ஆரம்பிச்சிருக்கு. 1919 அக்டோபர்ல லண்டன்லேர்ந்து பாரீஸ் போன ஹேண்ட்லி பேஜ் விமானத்துல 3 ஷில்லிங்குக்கு சாப்பாட்டுப் பெட்டி வித்தாங்க. அதுக்கப்புறம் அரசாங்கம் கட்டணத்த நிர்ணயம் பண்ணின காலத்துல விலையில போட்டி போட முடியாது, அதனால தட்டுல போட்டி போட்டாங்க. அமெரிக்காவுல 1978-ல அந்தக் கட்டுப்பாடு எடுத்த பிறகு எல்லாம் மாறிடுச்சு. 1987-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் கிராண்டல் சாலட்ல ஒரே ஒரு ஆலிவ் காய எடுத்துட்டு வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பண்ணின கதைய இன்னைக்கும் அந்தத் துறையில சொல்றாங்க. நம்ம நாட்டுல 2003-ல கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் ஆரம்பிச்சு சாப்பாடு இல்லாம கட்டணத்த இறக்கினாரு, அதுக்கு முன்னாடி ரயில்ல ஏசி பெட்டியில ஏறவே யோசிச்ச குடும்பங்கள் அதுக்கப்புறம்தான் விமானப் படி ஏறினாங்க. அத நான் கொறச்சுப் பேச மாட்டேன், எங்கப்பா ஏறினதும் அந்த மாதிரி டிக்கெட்லதான்.

கணக்கும் புரியுது. சாப்பாட்டு வண்டியும் அடுப்பும் கனம், கனம்னா எண்ணெய் செலவு. சமையல் மேடைய சுருக்கினா இன்னும் ரெண்டு வரிசை சீட்டு போடலாம். எறங்கின விமானம் அரை மணி நேரத்துல திரும்பக் கிளம்பினாத்தான் இந்த மாதிரி கம்பெனிக்கு லாபம், ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டு லாரி வந்து நின்னு ஏத்தி எறக்கி குப்பை அள்ளிக்கிட்டு இருந்தா அந்த நேரம் போயிடும். கொரோனா சமயத்துல 2020 மே மாசம் உள்நாட்டு விமானம் திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப சாப்பாடே கூடாதுன்னு அரசாங்கமே சொல்லுச்சு. ஜனங்களும் சாப்பாடு இல்லாம பறக்கப் பழகிட்டாங்க. பிரியாணிக்கு காசு வாங்கட்டும், காபிக்கு வாங்கட்டும், கோழிக்கும் நூடுல்ஸுக்கும் எவ்வளவு வேணா போட்டுக்கட்டும், வேண்டாதவன் ஏன் அடுத்தவன் சாப்பாட்டுக்கும் சேத்துக் குடுக்கணும், அந்த நியாயம் சரிதான்.

ஆனா தண்ணி அந்தக் கணக்குல வராது. விமானத்துக்குள்ள காத்து அவ்வளவு வறட்சி, ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ, நம்ம ஊரு கோடையில கூட அப்படி ஒரு வறட்சி கெடையாது. காத்தழுத்தமும் ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலை மேல உக்காந்த மாதிரிதான் இருக்கும். அதுல நாலு மணி நேரத்துக்கு மேல ஒரு மனுஷன உக்கார வச்சுட்டு, கொண்டு வந்த தண்ணிய கீழ வாங்கிக்கிட்டு, கொண்டு வந்த சோத்த மேல பிரிக்கக் கூடாதுன்னுட்டு, இருக்கற காசும் செல்லாதுன்னா அவரு என்ன செய்வாரு? மூணும் ஒண்ணா சேர்றதுதான் கொடுமை. தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்லிடலாம்.

2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சினிமா தியேட்டர் வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. வெளிச் சாப்பாடு கூடாதுன்னு சொல்ல தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு, ஆனா நல்ல குடிதண்ணிய காசு இல்லாம குடுக்கணும், கைக்குழந்தைக்கு பெத்தவங்க கொண்டு வர்ற சாப்பாட்ட தடுக்கக் கூடாதுன்னு. தியேட்டர்லயாவது எழுந்து வெளிய வந்து பெட்டிக்கடையில ஒரு சோடா குடிச்சுக்கலாம். விமானத்துல எங்க எறங்கறது? தியேட்டருக்கு சரின்னா விமானத்துக்கு அத விட நூறு மடங்கு சரி. விமானத் துறை விதியில லேட்டானா சாப்பாடும் சிற்றுண்டியும் குடுக்கணும்னு இருக்கு, ரெண்டரை மணி நேரம் வரைக்குமான பயணம்னா 2 மணி நேரம் லேட்டாகணும், அதுக்கு மேல 5 மணி நேரம் வரைக்கும்னா 3 மணி நேரம். எங்கப்பா விமானம் ஒன்றரை மணிதான் லேட்டு, அதனால அதுவும் கெடையாது. ஏர்போர்ட்ல சாதாரண ஜனங்க வாங்கற மாதிரி டீ 10 ரூவா தண்ணி 10 ரூவான்னு உடான் யாத்ரி கஃபேங்கற கடைய அரசாங்கத்துல ஆரம்பிச்சாங்க, 2024 டிசம்பர்ல கொல்கத்தாவுல, அடுத்த பிப்ரவரியில சென்னையில. நல்ல காரியம், மனசார பாராட்டறேன். கீழ அத செய்ய முடிஞ்சவங்க மேல ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு விதி போட முடியாதா?

ஏன்னா நம்ம பக்கத்துலேர்ந்து பறக்கறவங்க யாருன்னு பாருங்க. திருச்சி ஏர்போர்ட்ல 2024 ஜனவரி 2-ம் தேதி புது முனையம் திறந்தாங்க, கோயில் கோபுரமும் கோலமும் வரைஞ்சு பளபளன்னு இருக்கு. ராத்திரி போயி நின்னு பாருங்க, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், சார்ஜான்னு வரிசையில நிக்கறதுல பாதி கூலி வேலைக்குப் போற பசங்க. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, அறந்தாங்கி. மீதி பேரன் பேத்தியப் பாக்கப் போற நம்மள மாதிரி குடும்பத்துப் பெரியவங்க. கையில கார்டு கெடையாது, டாலர் கெடையாது, செயலியில என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாது, டிக்கெட்ட வேற யாராவதுதான் போட்டுக் குடுப்பாங்க. போட்டுக் குடுக்கற ஏஜெண்டும் சரி பிள்ளைங்களும் சரி கட்டணத்த மட்டும்தான் பாக்கறோம்.

அதனால வீட்டுப் பெரியவங்கள அனுப்பறவங்க தயவு செஞ்சு இத செய்யுங்க. காலி பாட்டில் ஒண்ணு குடுத்து விடுங்க, செக்கிங் முடிஞ்சதும் உள்ள தண்ணி புடிச்சுக்கச் சொல்லுங்க. திரும்பி வரும்போது சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல பெரும்பாலும் விமானம் ஏறற கேட்டுக்குப் பக்கத்துலதான் செக்கிங், முன்னாடியே புடிச்ச தண்ணிய அங்க கொட்ட வேண்டி வரும், அதனால செக்கிங் தாண்டினதுக்கு அப்புறம் புடிக்கச் சொல்லுங்க. சுகர், பிரஷர் இருந்தா டாக்டர் சீட்டு ஒண்ணு பையில மேலாக வச்சு, ஏறும்போதே பணியாளர்கிட்ட காட்டச் சொல்லுங்க. அந்த நாட்டுக் காசு சில்லறையா ஒரு பத்து, சட்டைப் பையில. சாப்பாட்ட டிக்கெட் போடும்போதே எடுத்தா மேல வாங்கறத விட வெல கொறச்சலா இருக்கும், பெரியவங்களுக்கு அத எடுத்துடுங்க. ஊறுகாய், கொழம்பு எல்லாம் பெரிய பெட்டியில போகட்டும். கொப்பரைத் தேங்காய் மட்டும் வைக்காதீங்க, எண்ணெய் உள்ளதால தீப்பிடிக்கும்னு 2022-ல தடை போட்டுட்டாங்க, அம்மா பிரசவத்துக்குப் போனப்ப நாலு கொப்பரைய எடுத்து வெளிய வச்சுட்டுத்தான் போனாங்க.

அந்தப் பையன் நம்பர அப்பா அன்னைக்கே வாங்கி வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பேசறாங்க, சம்பா நடவு எப்படி, மேட்டூர்ல தண்ணி எவ்வளவு நிக்குது, கடைமடைக்கு வந்துச்சா, அவங்க ஊரு ஏரி நெறஞ்சுதான்னு ரெண்டு பேருக்கும் பேச அவ்வளவு இருக்கு. பொங்கலுக்கு ஊருக்கு வர்றானாம், எங்க வீட்டுக்கு வந்து ஒரு நாள் தங்கிட்டுத்தான் போவணும்னு அப்பா சொல்லிட்டாங்க. அம்மா என்ன செய்யறதுன்னு இப்பவே கேக்கறாங்க. போன வாரம் பேசி முடிச்சு போன வைக்கப் போனவங்க திரும்பவும் காதுல வச்சு, "தம்பி, ஏறும்போது பாட்டில்ல தண்ணி புடிச்சுக்கிட்டு ஏறு, மறந்துடாத"ன்னாங்க.