கையை நீட்டினான்

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, ஊசி போடத் தோதாக இடது கையை நீட்டினான். "பின்னாடி குழந்தை பிறக்கிறதுக்கு இப்பவே ஒரு சாம்பிள் கொடுத்து வைக்கலாம் தம்பி" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

விந்து என்ற சொல்லை நான் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா, மடியில் ஸ்கேன் கவர். 20 வயதுப் பையன், தொடை எலும்பில் யூவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். திங்கட்கிழமை கீமோ. அன்று வெள்ளி, மதியம் மூன்றரை மணி.

"ரத்தம் இல்லப்பா" என்றேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கவரின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். அவனுக்கு எப்போது புரிந்தது என்று தெரியாது. காது மடல் சிவந்ததாக ஒரு ஞாபகம். பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். "முதல்ல புள்ள பொழச்சு வரட்டும் மேடம்" என்றார் அம்மா. அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டு "வேண்டாம் மேடம்" என்றான். 'ஆலோசனை வழங்கப்பட்டது, நோயாளி மறுத்தார்' என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கும்.

சொல்லாமல் விடவில்லையே என்று அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்வேன். சிகிச்சை தொடங்குமுன் இதைப் பேசிவிட வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2006லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. இங்கே பல இடங்களில் பேசுவதற்கு ஆளே கிடையாது. நான் பேசினேன்.

ஆனால் எப்படிப் பேசினேன்? பெண் பிள்ளை என்றால் நேரமில்லை என்றாவது சொல்லலாம். கருமுட்டை எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஊசி போட வேண்டும். இவனுக்கு வேண்டியது தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் மூடி போட்ட ஒரு டப்பாவும்தான். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அது பாட்டுக்கு இருந்திருக்கும். சனிக்கிழமை முழுக்கக் கையில் இருந்தது. கீமோவில் கொடுக்கிற ஐஃபாஸ்ஃபமைடும் சைக்ளோபாஸ்ஃபமைடும் விந்தணு உற்பத்தியை ஒரேயடியாக நிறுத்திவிடக்கூடும் என்று எனக்குத் தெரியும். அவனிடம் "கொஞ்சம் பாதிக்கலாம்" என்றேன். பயமுறுத்தக் கூடாது என்பதற்காக. அப்படித்தான் நினைக்கிறேன்.

நான்காம் வருடம் ரிவ்யூவுக்குத் தனியாக வந்தான். லேசாகக் காலைச் சாய்த்து நடந்தான், மற்றபடி நன்றாக இருந்தான். வீட்டில் பெண் பார்க்கிறார்களாம். யாரிடமும் சொல்லாமல் லேபில் டெஸ்ட் எடுத்திருந்தான். நான்காக மடித்த ரிப்போர்ட்டை மேசையில் வைத்தான். எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

"அன்னைக்கு நீங்க கேட்டது இதானா மேடம்?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "சிலருக்குச் சில வருஷம் கழிச்சுத் திரும்ப வரும் தம்பி, ஆண்களுக்கான ஆண்ட்ராலஜி டாக்டரைப் பார்ப்போம்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அவன் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

இப்போதெல்லாம் கூட வந்தவர்களை முதலில் வெளியே உட்காரச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்கிறேன். அதற்காக ஓர் அப்பாவிடம் திட்டும் வாங்கியாயிற்று. சரி, மாறிவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் ஒரு பையன். கதவைச் சாத்தி, எதையும் மழுப்பாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு "வேண்டாம் மேடம்" என்றான், அவனைவிட வேகமாக.

அப்படியானால் அன்றைக்கு அம்மா வெளியே இருந்திருந்தாலும் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான். இப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை. ரத்தம் என்று நினைத்தவரை, எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையை நீட்டியவன் அவன்.

போன மாதப் பையனின் ஃபைலிலும் அதே வரியைத்தான் எழுதினேன். எழுதிவிட்டு, 'பெற்றோர் உடனில்லை' என்று சேர்த்தேன். யாருக்குக் காட்ட அதைச் சேர்த்தேன் என்று இன்னும் பிடிபடவில்லை.