'பேக்கப் ஓகே' என்று வந்தது, ரீஸ்டோர் செய்தால் கோப்புகளைக் காணோம்

ஜாப் அறிக்கையில் வரும் 'பேக்கப் ஓகே' என்ற வரியை நம்பி மட்டும் எந்த சர்வரையும் பொறுப்பேற்காதீர்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாகுலா என்ற பேக்கப் மென்பொருளை நிறுவியது, அதன் பகுதிகளான டைரக்டர் (ஜாப்களை நடத்துவது), ஸ்டோரேஜ் (டேட்டாவைச் சேமிப்பது), கிளையன்ட் (கோப்புகளை அனுப்புவது) மூன்றுக்கும் பாஸ்வேர்டு பொருத்தியது எல்லாம் தடையில்லாமல் முடிந்தது. கான்ஃபிக் கோப்பைச் சரிபார்க்கும் கட்டளையும் பிழை காட்டவில்லை. ஆனால் அது எழுதியிருக்கும் முறையைத்தான் பார்க்கும், எந்தக் கோப்பு பேக்கப்பில் சேரும், எது விடுபடும் என்று சொல்லாது. முதல் ஜாப் முடிந்ததுமே, அமைத்துக் கொடுத்த வெளி நிறுவனத்து இன்ஜினியர் ஒப்படைப்புப் படிவத்தை நீட்டினார். காலி மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்றேன். "லாக்லயே ஓகேன்னு வந்துடுச்சே சார், இன்னும் என்ன?" என்று முகம் சுளித்தார்.

ரீஸ்டோர் ஆனது. ஹோம் டைரக்டரி இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. வயிறு கலங்கிவிட்டது.

லாக்கை மேலிருந்து கீழ்வரை படித்தபோதுதான் நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது: ஹோம் வேறு ஃபைல் சிஸ்டம், அதற்குள் இறங்கமாட்டேன் என்று பாகுலா சொல்லியிருக்கிறது. வெறும் தகவலாகத்தான் பதிவாகிறது, ஜாப் நிலை மாறுவதில்லை. எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று எழுதும் ஃபைல்செட்டில், ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நிற்கச் சொல்லும் ஒன்எஃப்எஸ் என்ற அமைப்பு, நாம் எதுவும் எழுதாவிட்டால் 'எஸ்' என்றே இருக்கும். ரூட் டைரக்டரியை (/) மட்டும் குறிப்பிட்டால் தனிப் பார்ட்டிஷனில் மவுன்ட் ஆனதெல்லாம் விடுபட்டுப் போகும். அதை 'நோ' ஆக்கலாம், ஆனால் வேண்டாத மவுன்ட்களும் சேர்ந்து வந்துவிடும். ஒவ்வொரு மவுன்ட்டையும் தனித்தனி வரியாக எழுதுவதே நல்லது. ஜாப் ஓட்டுவதற்கு முன்பே 'எஸ்டிமேட்' கட்டளையை 'லிஸ்டிங்' சேர்த்து அடித்தால், எடுக்கப்போகும் கோப்புகளின் பட்டியலே வந்துவிடும்.

அடுத்தது டேட்டாபேஸ். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டம்ப் கோப்பு (டேட்டாவை எழுதி வைக்கும் நகல்) பெயர், தேதியோடு அழகாக இருந்தது. அளவு 20 பைட். ஒன்றுமில்லாததை ஜிஜிப் சுருக்கினால் வருவது சரியாக அந்த 20 பைட்தான். இன்ஜினியர் தன் லாகினில் டம்ப் ஸ்கிரிப்ட்டை ஓட்டியபோது வேலை செய்திருக்கிறது. பாகுலா அதை ரூட் யூசராக ஓட்டியபோது பாஸ்வேர்டு கோப்பு கிடைக்கவில்லை. டம்ப் தோற்றாலும் பைப்பின் கடைசியில் இருக்கும் ஜிஜிப் வென்றுவிடுவதால், ஸ்கிரிப்ட் வெற்றி என்றே திருப்பிச் சொல்லும். பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் 'பைப்ஃபெயில்' அமைப்பை பேஷ் ஸ்கிரிப்ட்டில் போடச் சொன்னேன். பிறகு வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டினோம். ஜாப் எரரில் நின்றதைப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரியது!

போஸ்ட்கிரெஸின் டம்ப் கருவியான பிஜிடம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும், ரோல்களை (டேட்டாபேஸ் யூசர்களை) எடுக்காது. காலி மெஷினில் ஏற்றியபோது 'ரோல் இல்லை' என்று வரிசையாகப் பிழைகள். பிஜிடம்ப்ஆலில் 'குளோபல்ஸ் ஒன்லி' கொடுத்து அதையும் சேர்த்தோம்.

எரர் மெயில் கைக்கு வருகிறதா என்பதையும் விடாதீர்கள். 2017 ஜனவரி 31-ல் கோட் சேமிக்கும் தளமான கிட்லேபில் டேட்டா அழிந்தபோது இதுதான் நடந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த கருவி 9.2. அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது, அதைச் சொல்லும் மெயில்களோ மெயில் சர்வரில் நிராகரிக்கப்பட்டன. சுமார் 6 மணி நேர டேட்டா போனது. எங்களுக்கும் முதலில் மெயில் வரவில்லை, அனுப்புநர் முகவரியை மாற்றிய பிறகே வந்தது.

கடைசியாக, டைரக்டர் மெஷினே போய்விட்டதாக வைத்துக்கொண்டு ரீஸ்டோர் செய்தோம். எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்று சொல்லும் சிறிய பூட்ஸ்ட்ராப் கோப்பு கையில் இருந்ததால், பாகுலாவின் கேட்டலாக் (எல்லா பேக்கப்பின் விவரமும் இருக்கும் டேட்டாபேஸ்) இல்லாமலே டேட்டாவை எடுக்க முடிந்தது. அது இல்லையென்றால் பேக்கப் எழுதிய வால்யூம்களை முழுக்கப் படித்துத்தான் கேட்டலாக்கை மறுபடி கட்ட வேண்டும். 'ரைட் பூட்ஸ்ட்ராப்' வரியிலேயே அந்தக் கோப்பை மெயிலில் அனுப்பச் சொல்லலாம். ஒவ்வொரு ஜாப்பிலும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், எங்களுக்குக் கொடுத்த கான்ஃபிக்கில் பாதி ஜாப்களில் அது இல்லை.