மாரி விடியலில் ஃபேன் இரைகிறதா? கிளட்சைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

மாரி தொடங்கினால் மட்டக்களப்புக் கராஜ்களில் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும்: "விடிய ஸ்டார்ட் பண்ணினா முன்பக்கம் ஓவெண்டு இரையுது, கொஞ்சத்தால நிண்டிடுது. ஃபேன் கிளட்ச் போயிற்றா?" என்ஜினையும் ரேடியேற்றரைக் குளிர்விக்கும் ஃபேனையும் இணைப்பதுதான் ஃபேன் கிளட்ச். அது போகவில்லை. ஓரிரு நிமிடத்தில் அடங்கும் இரைச்சல் நல்ல கிளட்சின் இயல்புதான்.

கிளட்சுக்குள் சிலிக்கோன் ஒயில் இருக்கிறது, இரண்டு அறைகளில். பின்னறையில் என்ஜின் சுற்றும் தட்டு இருக்கிறது; அங்கே ஒயில் நிறைந்தால் அது ஃபேனையும் இழுத்துச் சுற்றும். முன்னறை ஒயிலைத் தேக்கி வைக்கும். என்ஜின் ஓடும்போது ஒயில் விளிம்புக்கு வீசப்பட்டு, சிறு துளை வழியே முன்னறைக்குத் திரும்பும். என்ஜின் நின்றால் அந்த வேலையும் நிற்கும். இரவில் ஒயில் மெல்லப் பின்னறைக்குள் வழிந்துவிடும். காலையில் தட்டு ஒயிலில் தோய்ந்திருப்பதால் ஃபேன் முழு இழுவையோடு சுற்றுகிறது. என்ஜின் நின்றபோது துளை மேலே நின்றதா கீழே நின்றதா என்பதைப் பொறுத்து ஒருநாள் இரையும், மறுநாள் இரையாது.

குளிரில் ஒயில் தடிப்பதால் அடங்க நேரம் கூடும். எங்கள் கரையில் மாரி விடியல் 22, 23 பாகைதான், வித்தியாசம் சொற்பம். செங்கலடியிலிருந்து பிபிலை, லுணுகலை வழியே குளிரான பதுளை மலைக்கு ஏறி இரவு தங்கும் வான்களில்தான் அது நன்றாகத் தெரியும்.

இன்னொன்று: கிளட்சின் முன்னாலுள்ள, சூட்டுக்கு வளைந்து ஒயிலைப் பின்னறைக்கு விடும் ஈருலோகச் சுருள் உணர்வது ரேடியேற்றரைக் கடந்துவரும் காற்றின் சூட்டை, தண்ணீரின் சூட்டை அல்ல. மழைக்காற்றில் ஃபேன் பிந்தித்தான் பிடிக்கும். சூடு காட்டும் கேஜ் முள் ஏறாமல் நின்றால் ஃபேன் பிந்துவதைப் பிழையென்று எண்ண வேண்டாம். சுருளில் வயல் சேறு காய்ந்து அப்பியிருந்தால் மட்டும் மென்மையான தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

சோதிக்க, என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்தபின் இறக்கையைக் கையால் சுற்றுங்கள். விடியலில் கனக்க வேண்டும். ஓடி அடங்கியபின் இலேசாக வேண்டும். நன்றாகச் சூடேறிய என்ஜினிலும் மூன்று சுற்றுக்கு மேல் தானாக ஓடினால் ஒயில் ஒழுகிவிட்டது. பெயரிங் அருகே கறுத்த பிசுக்கு நடுவிலிருந்து வெளிநோக்கிக் கோடுகளாகச் சிதறியிருக்கும். சூடோ குளிரோ, அசையவே மறுத்தால் உள்ளே இறுகிவிட்டது. இறக்கை நுனியை முன்பின் ஆட்டுங்கள். பெயரிங் கடகடத்தால் கிளட்சையே மாற்ற வேண்டும், ஒயில் விட்டுப் பயனில்லை.

ரொயோட்டா கிளட்சுகள் சிலவற்றைத் திறந்து ஒயில் மாற்றலாம். 18 மில்லிலீற்றர் குழாய்களில், 3000, 6000, 10000 எனத் தடிப்பு வகையோடு வரும்; எண் கூடினால் ஒயில் தடிப்பு. பழையதை வடித்து அளந்து அதே அளவு விடுங்கள். என்ஜின் ஒயில் வேண்டவே வேண்டாம். கழற்றிய கிளட்சை வாகனத்தில் நிற்பதுபோல நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் ஒயில் கசியலாம்.

மனதை வருத்துவது, மாற்றும் செலவு இல்லை என்று கிளட்சைத் துளையிட்டு ஆணி அடித்துப் பூட்டும் வழக்கம். ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் சுற்றும். டீசல் கூடும், வோட்டர் பம்ப் பெயரிங் தேயும். எல்லாவற்றையும்விட மோசம், வெள்ளம் மேவிய தாம்போதியில் இறங்கும்போது. நல்ல கிளட்ச் தண்ணீர் தடுத்ததும் வழுக்கிக் கொடுக்கும். பூட்டிய ஃபேன் வழுக்காது. தண்ணீரை வெட்டி முன்னுக்கு வளைந்து, ரேடியேற்றரைக் கிழித்துவிடும்.